கணக்கில் வராத தொத்துகள்

அத்தியாயம் 19

புதுப் போன் பிறந்தநாள் பரிசு என்று தம்பி பாஃபூர் சொன்னதை செர்வா நம்பவில்லை. மகள் அடோமாவின் பிறந்தநாள் மழையோடு போய்விட்டது. இப்போது வறண்ட ஹர்மட்டான் காற்று வந்து வாசலில் புழுதி கொட்டிக்கொண்டிருக்கிறது. எந்த மாமன் இவ்வளவு தாமதமாகப் பரிசு கொடுப்பான்?

இன்னொன்றும் உறுத்தியது. ஞாயிற்றுக்கிழமை விடுதியிலிருந்து வீட்டுக்குச் சாப்பிட வந்த அடோமாவின் பையில் அந்தப் போன் இல்லை. "ரூம்ல வச்சிட்டேன்மா" என்றாள், ஃபூஃபூவைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டே. அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். அந்த வயதுப் பெண் சாப்பாட்டை மறந்துவிட்டு வருவாள், புதுப் போனை மறந்துவிட்டு வரமாட்டாள்.

அதை நினைத்து நினைத்தே வாரம் ஓடி வெள்ளிக்கிழமை வந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை முடிவு நாள். ஓவாபி பல்கலைக்கழகத்தின் வைஃபையில் இனி எந்தெந்தத் தரங்கள் இருக்கும், எவை போகும் என்று மதியம் குழு கூடித் தீர்மானிக்கப்போகிறது. வலையமைப்புத் துறைக்குத் தலைவி செர்வா. 'பி', 'ஜி' என்று இரண்டு பழைய தரங்கள் இருக்கின்றன, அவற்றை நிறுத்திவிடலாம் என்று பரிந்துரைத்தவளே அவள்தான்.

காரணத்தையும் அவள் சுருக்கமாகத்தான் சொல்லியிருந்தாள். "மாம்போங் ரோட்டுல ஒரு கிழட்டு ட்ரோட்ரோ வேன் முக்கிக்கிட்டு மேடு ஏறுது. பின்னாடி எத்தனை புது வண்டி இருந்தாலும் அதோட வேகத்துலதான் வரணும். பழைய போன் ஒண்ணு நம்ம வைஃபையில சேர்ந்தா இதேதான். அது பேசி முடிக்கிற வரைக்கும் எல்லாரும் காத்துக்கிட்டு இருக்கணும்."

குழு சிரித்தது. குழுத் தலைவர் பேராசிரியர் டுமாசி மட்டும் சிரிக்கவில்லை. "உங்க தம்பி வியாபாரம் என்ன ஆகும் மேடம்?" என்று கேட்டார்.

பாஃபூரின் வியாபாரம் ஊருக்கே தெரியும். வெள்ளைக்கார நாட்டில் கழித்துப் போட்ட போன்களையும் லேப்டாப்புகளையும் கண்டெய்னரில் இறக்கி அடும் கடைத்தெருவில் விற்கிறான். அடுத்த கண்டெய்னர் டீமா துறைமுகத்தில் நிற்கிறது. அதில் பாதிக்கு மேல் பழைய தரம் மட்டுமே தெரிந்த சாமான்கள். பழைய தரத்தை மூடினால் ஓவாபி மாணவன் ஒருவனும் அவற்றைத் தொடமாட்டான். ஆகவே பேராசிரியர்கள் அறையில் ஒரே பேச்சு: பாருங்கள், கடைசி நேரத்தில் தம்பிக்காக அக்கா பல்டி அடிப்பாள். செர்வா காதில் விழ வேண்டும் என்றே அவள் கடந்து போகும்போது குரலை உயர்த்திப் பேசினார்கள்.

"என் தம்பியா இருந்தாலும் சரி, பழசு போகும்" என்று போன வாரம் டுமாசியின் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு வந்திருந்தாள். பதினெட்டு வருட வேலை. அவளிடம் இருந்தது நேர்மையானவள் என்ற பெயர் ஒன்றுதான்.

---

காலையில் பாஃபூர் வந்தான். நாளை மாம்போங்கில் ஒரு சாவுச் சடங்கு. அவனுடைய கறுப்புத் துணி அக்கா வீட்டில்தான் இருக்கும். அவன் மனைவி இஸ்திரி போட்டால் மடிப்பு நிற்பதில்லை என்பது அவன் கட்சி.

துணியை எடுத்துக்கொண்டு போயிருக்கலாம். போகவில்லை. சமையலறை முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். செர்வா காய்ச்சி வைத்திருந்த கம்பங்கஞ்சியைத் தானே ஊற்றிக்கொண்டான். வரும் வழியில் வாங்கிய, எண்ணெயில் பொரித்த போஃப்ரோட் மாவுருண்டைகளைப் பொட்டலத்திலிருந்து எடுத்துக் கஞ்சியில் தோய்த்தான். அக்காவுக்கும் இரண்டு வைத்தான்.

அவன் தன் கையால் வாங்கி வந்து அக்காவுக்குக் கொடுத்தது செர்வாவுக்கு நினைவு தெரிந்து இதுதான் முதல் தடவை.

"மூடிடு அக்கா" என்றான்.

"என்னத்தை?"

"பழசைத்தான். இன்னிக்குத்தானே மீட்டிங்கு? தயங்காம மூடிடு. எனக்காகப் பார்க்காதே."

"உனக்காக நான் எப்போடா பார்த்தேன்?"

"அதான் சொல்றேன். இப்பவும் பார்க்காதே."

"டீமாவில நிக்கிற பெட்டி?"

"அது என் தலைவலி. வடக்கே தமாலேக்குக் கொண்டுபோய்த் தள்ளிடுவேன். அங்க நல்லாப் போகும். உன் பேரு கெட்டா எந்த ஊருல போய்த் தள்ளுறது?"

செர்வா அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினாள்.

"சின்ன வயசுல ஒரு தடவை கோழித்தொடை எனக்கு வேணாம், அக்காவுக்கே குடுங்கன்னு சொன்னே. ஞாபகம் இருக்கா?"

"இல்லை."

"நான் சட்டியைத் திறந்து பார்த்தேன். தொடையே இல்ல."

பாஃபூர் விழுந்து விழுந்து சிரித்தான். கஞ்சி புரையேறிற்று. "நீ போலீசுக்குப் போயிருக்கணும். தப்பித் தவறி வைஃபைக்கு வந்துட்டே."

"எதுக்குடா இன்னிக்கு இவ்வளவு நல்லவனா இருக்கே?"

"தம்பி நல்லவனா இருந்தா கூட அக்காவுக்குப் பொறுக்கலையே! சரி, அடும்ல கடையைத் திறக்கணும். நான் வரேன்."

துணியைத் தோளில் போட்டுக்கொண்டு பிக்கப்பில் ஏறிப் போனான். அவன் வைத்த போஃப்ரோட்டை செர்வா தொடவில்லை.

---

அலுவலகத்துக்குப் போன செர்வா நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே கணினியைத் தட்டி எழுப்பினாள். மூடு என்கிறான். அவனுக்கு நஷ்டம் வரும் காரியத்தை அவனே செய்யச் சொல்கிறான். அப்படியென்றால் நஷ்டம் அவனுக்கு இல்லை. வேறு யாருக்கு?

பரிந்துரைக்கு அடிப்படை ஒரு கணக்கெடுப்பு. விடுதிகளில் எந்த வகைப் போன், எந்த வகை லேப்டாப் வைஃபையில் சேர்கிறது என்று அவளுடைய துறை சில வாரங்களாகக் கவனித்திருந்தது. பழைய தரம் மட்டும் தெரிந்தவை மிகச் சொற்பம் என்று வந்தது. அவளுக்கே கொஞ்சம் ஆச்சரியம். ஆனால் வேண்டிய பதில் வரும்போது யாரும் இரண்டாம் முறை கேள்வி கேட்பதில்லை. அவளும் கேட்கவில்லை.

இப்போது கேட்டாள். யாராவது எண்ணைத் திருத்தியிருக்கிறார்களா என்று தோண்டினாள். யாரும் கை வைக்கவில்லை. கணக்கு சுத்தமாக இருந்தது. அதுவே அவளுக்குப் பிடிக்கவில்லை.

பல்கலைக்கழக வாசலுக்கு எதிரே மரப்பெட்டிக் கடை போட்டுப் பழைய போன் ரிப்பேர் பார்ப்பவர்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். எந்நேரமும் மாணவர்கள் மொய்க்கிறார்கள். அந்தப் போன்களெல்லாம் வாசலைத் தாண்டி உள்ளே வந்ததும் எங்கே போகின்றன?

யோசித்துக்கொண்டே மகளின் இணைப்பைத் திறந்தாள். தாய் செய்யக் கூடாத வேலை, அதிகாரியும் செய்யக் கூடாத வேலை என்று அவளுக்குத் தெரியும்.

அடோமாவின் புதுப் போன் விடுதியை விட்டு நகரவே இல்லை. ஒரு நாள்கூட. அவள் லேபில் இருக்கும்போதும் போன் அறையில் இருந்தது. வீட்டில் ஃபூஃபூ சாப்பிட்ட ஞாயிற்றுக்கிழமையும் அறையில் இருந்தது. சும்மா இருக்கவில்லை. ஒரு கல்யாண வீடு தண்ணீர் செலவழிப்பதுபோல டேட்டாவைக் குடித்துக்கொண்டிருந்தது.

செர்வாவின் மனம் மோசமான இடங்களுக்கெல்லாம் போய் வந்தது. யாரிடமாவது கொடுத்துவிட்டாளா? யாராவது அந்த அறையில் இருக்கிறானா? பாஃபூர் தன் தொழில் எதையோ பிள்ளையின் அறையில் பதுக்கி நடத்துகிறானா?

மூன்றாவதுதான் நடந்திருக்கும் என்று தோன்றியது. கார்ச் சாவியை எடுத்தாள்.

---

மகளிர் விடுதி வாசலில் காவல் பார்க்கும் போர்ட்டர் அம்மாள் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். செர்வாவைப் பார்த்ததும் எழுந்து மாடியைப் பார்த்து முழங்கினாள்.

"வைஃபை மேடம் வர்றாங்க! வைஃபை மேடம் மேல வர்றாங்க!"

"ஏம்மா கத்தறே? நான் பக்கத்துலதானே நிக்கிறேன்."

"எனக்குத் தொண்டையே இப்படித்தான் மேடம்" என்று மெல்லிய குரலில் சொன்னாள் அவள்.

மாடியில் கதவுகள் சாத்தப்படும் சத்தம். ஓடும் கால்கள். வாளி ஒன்று உருண்டது. செர்வா இரண்டிரண்டு படியாக ஏறினாள்.

அடோமாவின் அறைக்கதவு பூட்டியிருக்கவில்லை. நாலு கட்டில். சுவரோரம் சுருட்டி நிறுத்திய மெத்தைகள் ஏழோ எட்டோ. தரையில் பெண்கள். எழுந்து ஓட நேரம் கிடைக்காதவர்கள் பாடப் புத்தகத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார்கள். ஒருத்தி புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்திருந்தாள்.

ஜன்னல் கம்பியில் உயரமாக ஒரு வெங்காய வலைப்பை தொங்கியது. உள்ளே அடோமாவின் புதுப் போன், சார்ஜர் ஒயரோடு. கீழே ஒவ்வொரு பெண்ணின் மடியிலும் ஒரு பழைய போன், அல்லது மூடி உடைந்த லேப்டாப்.

செர்வாவுக்குப் புரிய ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. இந்தத் தொழிலில் தலை நரைத்தவள்.

புதுப் போன்களில் அந்த வசதி உண்டு. ஒரு கையால் வைஃபை வாங்கி மறு கையால் ஹாட்ஸ்பாட்டாகக் கொடுக்கும். பல்கலைக்கழகத்தின் பார்வைக்கு இந்த அறையில் ஒரே ஒரு நல்ல புதுப் போன். அதன் முதுகுக்குப் பின்னால் இத்தனை பேர்.

"இது என்ன?" என்றாள்.

 கடைசியில் வாசலோரம் இருந்த ஒல்லிப் பெண் எழுந்து நின்றாள். கன்னத்தில் வடக்குக்காரர்களின் சின்னக் கீறல் தழும்பு.

"மரம், ஆன்ட்டி."

"மரமா?"

"நாங்க தொத்துங்க. தொத்துறதுக்கு மரம் வேணுமே."

பின்னாலிருந்து ஒருத்தி களுக்கென்று சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

கட்டில் கிடைக்காத பிள்ளை, கிடைத்த பிள்ளையின் அறையில் ஒண்டிக்கொள்வது ஓவாபியில் இன்று நேற்று வந்த பழக்கம் இல்லை. அவளுக்குத் தொத்து என்று பெயர். ஒவ்வொரு அறையிலும் உண்டு. விடுதி நிர்வாகத்தைக் கேட்டால் அப்படி யாரும் கிடையாது என்பார்கள். கட்டில் எண்ணோடு சேர்த்துத்தான் விடுதி வைஃபைக்கு நுழைவுச்சொல் தருகிறார்கள். கட்டில் இல்லாதவளுக்கு நுழைவுச்சொல்லும் இல்லை. அவள் உறங்குவதற்கு ஒருத்தியின் மெத்தையிலும், படிப்பதற்கு ஒருத்தியின் போனிலும் தொத்துகிறாள்.

"உன் பேரென்ன?"

"லாரிபா. வடக்கே போல்கா பக்கம். விவசாயம், இரண்டாம் வருஷம்."

"உன் போனைக் காட்டு."

அண்ணன் வைத்திருந்து, அக்கா வைத்திருந்து, கடைசியில் இவளிடம் வந்த போன். திரையில் ஒரு மூலை கறுத்துவிட்டது. 'ஜி'யைத் தாண்டி எதுவும் தெரியாது அதற்கு.

"இதுல என்ன பண்றே?"

"எல்லாமே இதுலதான். பாடம் இறக்கறது, அசைன்மென்ட் அனுப்பறது, ரெண்டு பாடத்துக்குத் தேர்வே இதுலதான் எழுதறேன். எழுதறப்போ இவளுகளைப் படம் பார்க்காதீங்கடின்னு கெஞ்சணும். அது ஒண்ணுதான் கஷ்டம்."

"நாங்க எப்போ படம் பார்த்தோம்?" என்றாள் தலைகீழ்ப் புத்தகக்காரி.

"நேத்து பார்த்தே. அழுதே வேற."

அப்போது படிக்கட்டில் தடதடவென்று சத்தம். லேப் கோட்டோடு அடோமா வந்து நின்றாள். மூச்சு வாங்கியது.

---

துணி காயும் மொட்டை மாடிக்கு மகளை இழுத்துக்கொண்டு போனாள் செர்வா.

"மாமா இதுக்குத்தான் வாங்கிக் குடுத்தானா?"

"நான்தான் கேட்டேன்."

"வேற எத்தனை பேருக்கு வாங்கிக் குடுத்திருக்கான்?"

"எனக்கென்ன தெரியும்?"

"பசங்க விடுதியில?"

"அங்கயும் மரம் இருக்கும்மா. எல்லா மாடியிலும் இருக்கு. காசு சேர்த்து அறைக்கொண்ணு வாங்கறாங்க. ஊருக்கே தெரியும். வைஃபைக்குத் தலைவியா இருக்கிற உனக்கு மட்டும்தான் தெரியாது."

செர்வா ஒரு பாவாடையை விலக்கிக்கொண்டு கைப்பிடிச் சுவர் வரை போய்த் திரும்பினாள். இன்று மதியம் அவள் பரிந்துரை நிறைவேறினால் இரண்டு காரியம் நடக்கும். பழைய தரம் போகும். விடுதிகளில் யார் ஹாட்ஸ்பாட் வைத்தாலும் புதுக் கருவிகள் அதை அமுக்கிவிடும். இரண்டாவதையும் அவள்தான் சேர்த்தாள், வைஃபை அலைகளைக் குப்பையாக்குகிறார்கள் என்று. திங்கட்கிழமை காலையில் அந்த அறையிலிருக்கும் பெண்களுக்கு மரமும் இருக்காது; யாராவது நுழைவுச்சொல் கொடுத்தாலும் பழைய போன் சேராது, ஆகவே தரையும் இருக்காது.

"அப்போ என் கணக்கு பொய்யா?"

"பொய்யில்ல. நீ கட்டிலை எண்ணினே. ஆளை எண்ணியிருக்கணும்."

"இதை ஏன் முன்னாடியே சொல்லல?"

"சொன்னா என்ன பண்ணியிருப்பே? விதிப்படி நடவடிக்கைன்னு சொல்லியிருப்பே. நுழைவுச்சொல்லைப் பகிர்ந்தா கட்டில் போகும். தொத்து வச்சிருந்தா அதுக்கும் கட்டில் போகும். எனக்கு எத்தனை கட்டில் இருக்கு?"



அடோமா குரலை இறக்கினாள். அம்மாவின் கையைப் பிடித்தாள். "இப்பவும் சொல்லாதே. கெஞ்சிக் கேக்கறேன். நீ வாயைத் திறந்தா முதல்ல மாட்டறது நான்தான். லாரிபா எப்படியோ சமாளிச்சுக்குவா. மீட்டிங்குல நீ பாட்டுக்குப் பழசை மூடிடு."

மூடிடு. காலையில் கஞ்சிக் கோப்பைக்கு மேலாகக் கேட்ட அதே சொல்.

"நீயும் மூடுன்னுதான் சொல்றே?"

"ஆமா."

"உன் மாமனும் அதான் சொன்னான்."

அடோமாவின் விரல்கள் ஒரு கணம் இறுகித் தளர்ந்தன. "மாமாவா? அப்படியா சொன்னாரு?"

அந்தக் கேள்வியில் ஆச்சரியம் இருந்தது. கொஞ்சம் அதிகமாகவே இருந்தது. செர்வா கையை உருவிக்கொண்டாள். ஆளாளுக்கு வாயை மூடு, பழசை மூடு என்கிறார்கள். எதை மறைக்க இவர்களுக்கு இவ்வளவு அக்கறை? ஆனால் அறையில் பார்த்தது நாடகமாக இருக்க முடியாது. அந்தப் போனின் கறுத்த மூலையை யாரும் வேஷம் போட்டுக் கொண்டுவர முடியாது.

கீழே இறங்கும்போது போர்ட்டர் அம்மாள் கைநிறைய வேர்க்கடலை நீட்டினாள். செர்வா வாங்கிக்கொள்ளாமல் போனாள்.

---

மதியம் மின்சாரம் போய் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. கூட்ட அறையில் மின்விசிறி அரைவேகத்தில் சுற்றியது. பேராசிரியர் டுமாசி கழுத்தில் கைக்குட்டையைச் செருகியிருந்தார்.

"கடைசி விஷயம். வைஃபை தரங்கள். செர்வா மேடம் பரிந்துரை எல்லாருக்கும் தெரியும். பழசு போகுது. ஏத்துக்கலாமா?"

"வேணாம்" என்றாள் செர்வா.

டுமாசி மூக்குக்கண்ணாடியை இறக்கினார்.

"என் கணக்கு தப்பு. வகுப்புக் கட்டடங்கள்ல பழசை நிறுத்துங்க, பரவாயில்ல. அங்க புதுத் தரம் போதும். விடுதிகள்ல இந்தப் பருவம் முழுக்கப் பழசு இருக்கணும். ஹாட்ஸ்பாட்டை அமுக்கறதும் கூடாது. திரும்ப எண்ணணும். இந்தத் தடவை தொத்துகளையும் சேர்த்து."

அறையில் ஒருவர் இருமினார். இன்னொருவர் தண்ணீர் குடித்தார்.

"தொத்தா?" என்றார் டுமாசி. "இந்தப் பல்கலைக்கழகத்துல தொத்து கிடையாதே மேடம்."

"கிடையாதா? மகளிர் விடுதியில கட்டில் கணக்குக்கு ரெட்டிப்பா தண்ணி தீருதுன்னு போன கூட்டத்துல நீங்கதான் சத்தம் போட்டீங்க. யாரு குளிக்கிறா? பேயா?"

மூலையில் சிரிப்பு எழுந்து உடனே அடங்கியது.

"உங்ககிட்ட ஆதாரம் இருக்கா?"

இதற்காகத்தான் அவள் மதியச் சாப்பாட்டைக்கூடத் தொடாமல் காருக்குள் உட்கார்ந்திருந்தாள். பேர் சொல்லாமல் சமாளிக்க வழி தேடினாள். 'சில அறைகளில்' என்று சொல்லலாம். டுமாசி எந்த அறை என்று கேட்பார். ஏதாவது ஒரு அறையைச் சொன்னால் யாரோ பெற்ற பிள்ளைக்குக் கட்டில் போகும். தன் பிள்ளையை ஒளித்துவிட்டு ஊரான் பிள்ளையைக் காட்டிக்கொடுத்தவள் என்ற பெயர் பல்டி அடித்தவள் என்ற பெயரைவிடக் கேவலம்.

"என் பொண்ணு அறை" என்றாள். "அடோமா. அவ போன்தான் மரம். ஒரு கும்பலே அதுல தொத்திக்கிட்டு படிக்குது. காலையில என் கண்ணால பார்த்தேன்."

செர்வா குறிப்பு எழுதுபவர் பக்கம் திரும்பினாள்.

"இதையும் எழுதிக்குங்க. என் தம்பி பழைய போன் விக்கிறவன். பழசு இருந்தா அவனுக்கு லாபம். வெளியில போய்ப் பேசப்போறீங்க, அதனால நானே இங்க சொல்லிடறேன். அதுக்காக அந்தப் பிள்ளைங்க இல்லைன்னு ஆயிடாது."

டுமாசி கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்தார். அவர் கோபப்படுவார் என்று செர்வா எதிர்பார்த்தாள். அவர் புன்னகைத்தார். அது இன்னும் மோசமாக இருந்தது.

"தம்பி விஷயம் நீங்க சொல்ல வேண்டியதே இல்ல மேடம். அவரே வந்து சொல்லிட்டாரு."

"யாரு?"

"உங்க தம்பிதான். காலையில நான் ஆபீஸ் வர்றதுக்கு முன்னாடியே வாசல்ல நின்னுக்கிட்டு இருந்தாரு. தோள்ல கறுப்புத் துணி. யாரு செத்துட்டாங்கன்னு பயந்துட்டேன். 'அக்கா இன்னிக்கு மாத்திச் சொல்லும். எனக்காகச் சொல்லுதுன்னு நினைச்சுக்காதீங்க'ன்னு சொல்லிட்டுப் போனாரு."



அதற்குப் பிறகு நடந்தவை அவளுக்குத் தூரத்தில் கேட்டன. விடுதிகளில் பழைய தரம் இந்தப் பருவம் தொடரும். ஹாட்ஸ்பாட்டுகளை இப்போதைக்கு அமுக்க வேண்டாம். மறுபடி கணக்கெடுப்பு நடக்கும், ஆனால் செர்வா மேடம் அதில் இருக்கமாட்டார். அடோமா திங்கட்கிழமை விடுதிக் குழுவின் முன் ஆஜராக வேண்டும். தொத்து என்ற சொல்லைக் கூட்டக் குறிப்பில் எழுத வேண்டாம், 'கூடுதல் பயனாளிகள்' என்று எழுதுங்கள் என்றார் டுமாசி.

கேட்டது கிடைத்துவிட்டது. லாரிபாவின் கறுத்த மூலைப் போன் இந்தப் பருவம் முடியும்வரை பேசலாம். ஆனால் செர்வா யார் முகத்தையும் பார்க்காமல் எழுந்து வெளியே நடந்தாள்.

---

மைதானத்தை ஒட்டிய வண்டி நிறுத்துமிடத்தில் பாஃபூரின் பிக்கப் அவள் காரை ஒட்டி நின்றது. அவன் கதவில் சாய்ந்து சோபோலோ குடித்துக்கொண்டிருந்தான். செம்பருத்திச் சாயம் உதட்டில் ஒட்டியிருந்தது.

"என்னக்கா, முகமெல்லாம் இப்படி இருக்கு? மாத்திச் சொல்லிட்டியா?"

செர்வா பிக்கப்பைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய் அவன் எதிரே நின்றாள். பின்னால் ஏற்றியிருந்த அட்டைப்பெட்டிகள் ஆளுயரம். மைதானத்திலிருந்து பார்த்தால் அவள் அங்கே நிற்பது தெரியாது.

"டுமாசியைப் பார்த்தியாமே."

"பார்த்தேன். உன் பேரைக் காப்பாத்தத்தான் போனேன். தப்பா?"

"நான் மாத்திச் சொல்லுவேன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"உன்னை எனக்குத் தெரியாதா அக்கா? கூடப் பொறந்தவன்."

"என் வீட்டுல கஞ்சி குடிச்சிட்டு நேரா அங்க போயிருக்கே. அப்போ மாத்திச் சொல்ற எண்ணம் எனக்கே இல்லடா. அந்த அறையை நான் பார்க்கவே இல்ல."

பாஃபூர் குப்பியை வாயருகே கொண்டுபோய் அப்படியே நிறுத்தினான்.

"நான் எதைச் செய்யச் சொன்னாலும் நீ அதைத் தோண்டிப் பார்ப்பேன்னு எல்லாருக்கும் தெரியும்" என்றான் மெதுவாக. "அது குத்தமா?"

"எல்லாருக்கும்னா யாருக்கு?"

 அவன் பார்வை அவள் தோளைத் தாண்டி மைதானத்துக்குப் போயிற்று. புருவத்தைத் தூக்கி யாருக்கோ ஏதோ சைகை காட்டப் பார்த்தான். கையில் குப்பி இருந்தது. தாமதமாகிவிட்டது.

புழுதியில் செருப்புகள் சரசரக்க யாரோ ஓடிவரும் சத்தம். அட்டைப்பெட்டிகளுக்கு அந்தப் பக்கம் வந்து நின்றது. மூச்சு வாங்கும் குரல், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

"மாமா! என்ன ஆச்சு? நாம நினைச்ச மாதிரியே அம்மா சொல்லிட்டாளா?"

பாஃபூர் கண்ணை மூடிக்கொண்டான்.

"சொல்லிட்டேன்" என்றாள் செர்வா.